டூட்டிக்குப் போன அப்பா

தீபாவளிக்கு மகன் கைக்குழந்தையோடு வருகிறான். செம்பூர் வீட்டில் புது பெட்ஷீட்டை உதறினேன். கஞ்சி வாடை மூக்கில் ஏறி இருமல் வந்தது. கூடவே தாராவியில் நாங்கள் இருந்த, கோலி என்று சொல்லும் ஒற்றை அறை வீடும் நினைவில் வந்தது.

அங்கே, நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு தீபாவளிக்கு ஊரிலிருந்து அத்தை பிள்ளைகளோடு வந்தாள். காசநோய் வீடென்று தெரிந்தால் தங்கமாட்டாளோ என்று பயந்து, அம்மா அப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு, அவர் கட்டிலில் புது பெட்ஷீட் விரித்திருந்தாள்.

“அண்ணன் எங்க மயினி?”

“டூட்டிக்குப் போயிருக்காவ.”

மேலே இருமல் கேட்டது. அத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“பம்பாய்ல எலி சாஸ்திதான் போல” என்றவள், அந்த பெட்ஷீட் நுனியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது மகன் போன் செய்தான். “இருமல் எப்படிப்பா இருக்கு?”

“அது எப்பமோ போயிட்டுல” என்றேன். அடுத்த இருமல் வருவதற்குள் போனை வைத்துவிட்டேன்.