பொட்டு வைத்த புத்தகம்

செய்தி எனக்குத் தெலுங்கில் வந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய பேப்பர் கடைக்காரர் போன் செய்தார். நான் புத்தூர் பள்ளியில், ஆறாம் வகுப்பில், போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மேடம் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து புத்தகம் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். தண்ணீர் கேட்டாராம். சொம்பை எடுத்து வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டதாம். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். மேடம் போனில் கடைசியாகப் பேசிய எண் உங்களுடையது, வீட்டுக்காரருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சொல்லும்போது அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அன்று காலையில்தான் சொல்லியிருந்தேன், இந்த வெயிலில் திருப்பதிக்கு எதற்கு, ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று. ஞாயிறு வரைக்கும் புத்தகம் காத்துக்கொண்டிருக்குமா, வண்டியேறி மில்லுக்குப் போய்விடுமே என்றார். கமலவேணி என் பேச்சை என்றைக்குக் கேட்டார், அன்றைக்குக் கேட்பதற்கு?

ஆந்திர எல்லையில் இருக்கும் புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கங்களில் அவரைப் புஸ்தக டீச்சர் என்றால்தான் தெரியும். என்னோடு ஒரே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்து, அதை மூடியபோது நான் வேறு பள்ளி தேடிப் போனேன். அவர் ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். யாருக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்று தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. வேலை என்று நான் சொல்கிறேன். அவர் அப்படிச் சொன்னதில்லை.

புத்தகம் கிடைத்த இடம் அந்தப் பேப்பர் கடை. மலைக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் ரயிலில் படிக்க வாங்கியதை லாட்ஜ் அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அறை கூட்டுகிறவர்கள் அதை எடைக்குப் போடுவார்கள். "சாமியப் பாத்தவங்க பாரத்த இங்கியே உட்டுட்டுப் போறாங்க சார். நாம பொறுக்கிக்கினு போலாம்" என்பார் கமலவேணி. மூட்டையைப் பிரிக்கும் நாள் தெரிந்துவிட்டால் போதும், கல்யாணத்துக்குப் போவது போலக் கிளம்பிவிடுவார்.

அவருடைய முதல் தோல்வியை இங்கே சொல்லியாக வேண்டும். சத்தியவேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழர்கள், வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான். லீவு நாட்களில் நானும் அவரோடு போவேன்; அப்படிப் போய் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் போட்ட கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது புத்தகம் பூஜை அலமாரியில் இருந்தது. அட்டையில் மஞ்சள், குங்குமம், மேலே ஒரு செம்பருத்தி. அந்த வீட்டு அம்மா, டீச்சர் கொடுத்தது சரஸ்வதி ஆச்சே, கண்ட இடத்தில் வைக்கலாமா என்றார். பிள்ளைகள் படித்தது தெலுங்குப் பள்ளியில். அப்பனும் அம்மாவும் படித்ததும் அங்கேதான். வாய் நிறையத் தமிழ் பேசும் அந்த வீட்டில் தமிழ் எழுத்து ஒருவருக்கும் தெரியாது. அதை எங்களிடம் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். இத்தனை நன்றாகப் பேசுகிறவர்களைப் பார்த்துப் படிக்கத் தெரியுமா என்று கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கமலவேணி சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அவர் அழுதுகொண்டிருந்தார். "புஸ்தகத்துக்குப் பொட்டு வெச்சிட்டாங்கன்னா நாம தோத்துட்டோம்னு அர்த்தம் சார்" என்றார். இதை அதற்குப் பிறகு எத்தனை முறை சொன்னார் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்துதான் அந்த ஒரு பக்க வழக்கம் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் நடுவில் உட்கார்ந்து, கொண்டுபோன புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். பக்கம் முடிந்ததும் மூடிப் பையில் வைத்துக்கொள்வார். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஊர்க் கதை பேசிவிட்டுக் கிளம்புவார். யாராவது கேட் வரைக்கும் பின்னாலேயே வந்து அதைப் பற்றி ஏதாவது கேட்டால் புத்தகம் கேட்டவருக்கே. எழுத்து தெரியாதென்றால் வாராவாரம் போய் எழுத்தும் சொல்லிக்கொடுப்பார். ஒருவரும் வராவிட்டால் புத்தகம் பையிலேயே திரும்பிவிடும். இது யாருக்கு என்று எதன் மேலும் பெயர் எழுத மாட்டார். கேட்டால், "நாமளா பேரு எழுதிக்கினா எப்பிடி சார்? படிச்சிப் பாத்தாத்தான தெரியும்" என்பார்.

என்னையும் விடவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை, இலக்கணத்தைச் சுலபமாகச் சொல்லித்தரும் புத்தகம் ஏதாவது இருந்தால் தேடிக் கொடுங்கள் என்று புலம்பினேன். ஒரு மாதம் கழித்துப் பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். என்ன விளையாட்டு இது என்று கத்தினேன். எனக்கு முன்கோபம் அதிகம், உங்களுக்குத் தெரியாததா. அவர் அசையவில்லை. "பசங்கோ ஜன்னலையே பாத்துக்கினு குந்திக்கினு கீறாங்க. அங்க இன்னா கீதுன்னு நீங்களும் ஒரு தபா பாருங்க சார்" என்று சொல்லி ஒரு பக்கம் படித்தார், மூடினார், கிளம்பினார். நான் கேட் வரைக்கும் போகவில்லை. வீம்பு. மறுநாள் போன் செய்து, அந்த மீன்கொத்தி எங்கே கூடு கட்டும் என்று கேட்டேன். போனில் அவர் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

வீட்டைக் கட்டிவிட்டுத் திணறுகிறவர்கள் மேல் அவருக்குத் தனியாக ஒரு கரிசனம் உண்டு. ஸ்ரீசிட்டி ஃபேக்டரிகளுக்கு வேலைக்கு வந்து, கடன் வாங்கி வீடு போட்டு, பூச்சு பூசாத சுவருக்குள் குடியேறிய தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். கணவனுக்கு ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. பேங்க்கிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெண் கதவு வைக்காத சமையலறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன்னம்பிக்கைப் புத்தகம் ஏதாவது கொடுக்கலாமே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒழுகுற ஊட்ல குந்திக்கினு எவ சார் தன்னம்பிக்க படிப்பா?" என்றார். அடுத்த வாரம் அவர் கொண்டுபோனது ஒரு தடித்த பேய்க் கதை. வீடே கையை விட்டுப் போகுமோ என்று பயந்துகொண்டிருப்பவளுக்குப் பேய் வீட்டுக் கதையா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். ஒரு பக்கம் படித்துவிட்டு வந்துவிட்டோம். கேட்டுக்கு ஒருவரும் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அந்த வீட்டில் இருப்பது ஆண் பேயா பெண் பேயா என்று கேட்டாள். பேய் இருக்கிற வீட்டிலேயே ஆள் குடியிருக்கும்போது நான் இருக்க மாட்டேனா டீச்சர் என்று அவளே சிரித்தாள்.

அப்படியும் கமலவேணிக்குத் திருப்தி இல்லை. சுவர் ஏன் ஓதம் காக்கிறது, கரையான் எங்கிருந்து வருகிறது, கூரை ஒழுகினால் என்ன செய்வது என்று சாதாரணமான தமிழில் சொல்லும் புத்தகம் ஒன்று எங்காவது இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தார். எங்கும் மாட்டவில்லை.

அவர் வீடும் ஒழுகத்தான் செய்தது. வடமாலபேட்டையில் அவரும் கணவர் முனிரத்தினமும் கட்டிய வீடு. நனையாத அறை ஒன்றே ஒன்றுதான். அது புத்தகங்களுக்கு. முனிரத்தினம் ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். அதிகம் பேசாதவர். மழை விட்டதும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார், எதையாவது பூசுவார். அடுத்த மழையில் மறுபடி ஒழுகும்.

அவரும் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்தான். தமிழ் எழுத்து தெரியாது. தெலுங்கிலும் பேப்பர்கூடப் படிக்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து கமலவேணி அவருக்கு ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் ஒரு பக்கம் படித்துக் காட்டியிருக்கிறார். சிரிப்புக் கதை, கொலைக் கதை, ரயில் கதை, எதுவும் பாக்கியில்லை. மனிதர் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், "நல்லா கீது" என்பார். எழுந்து போய்விடுவார்.

"அந்த 'நல்லா கீது' வந்துச்சின்னா முடிஞ்சிது சார். ஊருக்கெல்லாம் தேடுறேன், எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு புஸ்தகம் மாட்ட மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஒரே ஒரு முறை சிரிக்காமல் சொன்னார். தான் முதலில் போய்விட்டால் அந்த மனிதருக்குப் பேச ஒரு துணை வேண்டாமா, பிள்ளையா குட்டியா, ஒரு புத்தகமாவது இருக்கட்டுமே என்றார். அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று அதட்டினேன்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். முனிரத்தினம் வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று ஊரிலிருந்து வந்திருந்த அவர் தங்கை சொன்னார். மாடிக்குக்கூட ஏறவில்லையாம். கமலவேணியின் படத்துக்கு எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படத்துக்குக் கீழே ஒரு புத்தகம். கடைசி நாள் பேப்பர் கடையில் கமலவேணி கையில் வைத்திருந்தது. கடைக்காரர் பையோடு கொடுத்தனுப்பியிருந்தார். அன்று பொறுக்கியது அது ஒன்றுதானாம். அதன் அட்டையில் முனிரத்தினம் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்திருந்தார்.

அதைப் பார்த்ததும்தான் என் நெஞ்சு உடைந்தது. சாவு அன்றுகூட நான் அப்படி அழவில்லை. எத்தனை வருடம், எத்தனை பக்கம், கடைசியில் சொந்த வீட்டிலேயே தோற்றுவிட்டீர்களே அம்மா என்று அந்தப் படத்தைப் பார்த்துத் தேம்பினேன். முனிரத்தினத்தின் தங்கை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கங்கள் கிழிந்துபோன பழைய புத்தகம். வீட்டைப் பழுது பார்ப்பது பற்றியது. அவர் ஊரெல்லாம் தேடிய அதே புத்தகம்.

எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? உட்கார்ந்து ஒரு பக்கம் படித்தேன். கூரை ஒழுகுவதைப் பற்றிய பக்கம். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பூசிப் பயனில்லை, தண்ணீர் வேறு எங்கோ இறங்கி, கம்பி வழியாக ஓடி வந்து இங்கே சொட்டும், முதலில் மாடியின் ஓரச் சுவரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் "நல்லா கீது" வரும் என்று காத்திருந்தேன். அதுகூட வரவில்லை. புத்தகத்தை மூடிப் படத்துக்குக் கீழேயே வைத்தேன். டீயைக் குடித்தேன். சொல்லிக்கொண்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். பின்னால் சத்தம் எதுவும் இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டேன்.

"சார்."

திரும்பினேன். முனிரத்தினம் வெறுங்காலோடு கேட்டில் நின்றிருந்தார். கையில் அந்தப் புத்தகம். பொட்டைத் துண்டால் துடைத்திருக்கிறார். அட்டையெல்லாம் சிவப்பு இழுகியிருந்தது.

"இத அவ எனக்குன்னுதான் எடுத்துக்கினு வந்தாளா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து இல்லை என்று சொல்லப்போகிறார்கள்? ஆனால் கமலவேணி எதன் மேலும் பெயர் எழுதாதவர். தெரியவில்லையே என்றுதான் சொன்னேன்.

அவர் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"அப்ப இன்னொரு பக்கம் படிங்க சார். தெரிஞ்சிக்கலாம்."

கமலவேணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான், ஒரு பக்கத்தோடு புத்தகத்தை மூடும் அந்த வழக்கம். இனி நான் புத்தகம் கொண்டுபோகிற வீடுகளிலெல்லாம் அதைத்தான் செய்வேன். அன்று மட்டும் முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அவர் எதிரில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம், அது முடிந்து அடுத்தது என்று படித்துக்கொண்டே இருந்தேன். கமலவேணி இருந்திருந்தால், போதும் மூடுங்க சார் என்று அதட்டியிருப்பார். அதட்ட ஆளில்லை.