மழை பெய்தால் இங்கிலீஷ்

எங்கள் பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பின் பின்சுவரோரம் நாலைந்து பேர் உட்காரக்கூடிய ஒரு நீளமான மர வாங்கு கிடக்கிறது. ஒரு கால் குட்டை. அடியில் ஓட்டுத் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் மேசை கதிரையெல்லாம் மாறிவிட்டன. அந்த வாங்கை மட்டும் நான் எடுக்க விடவில்லை. புதிய அதிபர் கேட்டால், "இருக்கட்டும் சேர், புத்தகப் பை வைக்க உதவும்" என்று சமாளித்துவிடுவேன். உண்மை வேறு. தகரக் கூரையில் மழை சடசடவென்று விழத் தொடங்கியதும் என் கண் தானாக வாசலுக்குப் போகும். அங்கிருந்து அந்த வாங்குக்கு வரும். யாரோ குடையை உதறிச் சுவரில் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதில் வந்து உட்காரப் போவது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் வரமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பார்க்கிறேன்.

நான் கரவனெல்லயில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். இந்த ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு இங்கிலீஷ் ஆசிரியையாக நியமனம் கிடைத்தபோது எங்கள் வீட்டில் யாரும் கொண்டாடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, அட்டைக் கடிக்கு உப்பும் கையுமாக மேடேறி வரவேண்டும். "அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ஏறாது, நீ சும்மா கத்தித் தொண்டையைக் கெடுத்துக்காதே" என்று சொந்தக்காரர்கள் எனக்குப் புத்தி சொன்னார்கள். இன்றைக்கும் அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீட்டில் தமிழ் பேசி, கடையிலும் பஸ்ஸிலும் சிங்களத்தில் பேரம் பேசி, விளையாட்டில் சண்டை வந்தால் இரண்டையும் கலந்து திட்டுகிற பிள்ளைகள் இவர்கள். மொழி வராத பிள்ளை ஒன்றுகூட இங்கே இல்லை. சிங்களத்தை இவர்கள் தப்புத் தப்பாகப் பேசித்தான் பழகினார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. இங்கிலீஷுக்கு மட்டும் பிழை விட உரிமை இல்லை என்று எப்படியோ நினைத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் அவமானம். அதனால் திறப்பதில்லை.

நானும் என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். கதவிலும் யன்னலிலும் பெயர் எழுதி ஒட்டினேன். படம் காட்டினேன், பாட்டுப் பாடினேன், முதலில் தமிழில் சொல்லு, பிறகு சிங்களத்தில் சொல்லு, அப்புறம் இங்கிலீஷுக்குப் போகலாம் என்று படி வைத்துக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் மெல்ல மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வகுப்பிலேயே கெட்டிக்காரியான ஒருத்தி மட்டும் அசையவில்லை. எழுதச் சொன்னால் ஒரு பிழை இருக்காது. எழுப்பிக் கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி நிற்பாள். அவளுடைய இங்கிலீஷ்க் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது.

அவளுடைய அம்மா தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ரப்பர் பால் வெட்டு விடியற்காலையில் தொடங்கும். பள்ளி விடுகிற நேரம்வரை பால் சேர்ப்பதும் நிறுப்பதுமாகப் போய்விடும். ஆனால் மரம் நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. மழை பெய்த காலை என்றால் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. அப்படி ஒரு நாள் மகளுக்குக் குடை கொண்டுவந்தவர், தலையில் உரப்பையைக் கொங்காணி போட்டுக்கொண்டு விறாந்தையில் நின்றார். "மழை வந்துருச்சு மிஸ், வேல இல்ல. இங்கயே நிக்கிறேன்" என்றார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. "அங்க ஏன் நிக்கிறீங்க, உள்ள வந்து இரிங்க" என்று அந்தப் பின்வாங்கைக் காட்டினேன். அன்று வகுப்பில் கடை விளையாட்டு. நான் கடைக்காரி, பிள்ளைகள் வந்து சாமான் கேட்க வேண்டும். மகளின் முறை வந்தது. வழக்கம்போல் பெருவிரல் தரிசனம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது: "மிஸ், சுகர் ஒன் கிலோ கிவ், மை ஹவுஸ் டீ நோ சுகர்!"

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அந்த அம்மாதான். மகள் முகம் சிவந்து திரும்பினாள். "ஐயோ, அப்படி இல்லம்மா!" என்றாள். பிறகு, நாங்கள் யாரும் எதிர்பாராத வகையில், அந்த வாக்கியத்தை முழுதாக, ஒழுங்காக, கொஞ்சம் கோபத்தோடு இங்கிலீஷில் சொல்லிக்காட்டினாள். மெல்லிய குரல், ஆனால் நடுக்கமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோக்குக் கட்டியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மழை பெய்தால் அம்மாமார் வகுப்புக்கு வருவார்கள். முதலில் அவர் மட்டும், பிறகு பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து இன்னும் சிலர். வாங்கு போதாமல் சாக்கை விரித்துத் தரையில் உட்காருவார்கள். பிள்ளைகள் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பார்களாம். இருட்டிக்கொண்டு வந்தால், "இன்னைக்கு அம்மா இங்கிலீஷ்" என்று குதிப்பார்களாம். வேலை போகிற கவலையில் இருக்கிற தாய்க்கு முன்னால் குதிக்கிறதுகளே என்று எனக்குச் சிரிப்பும் வரும், சங்கடமாகவும் இருக்கும். எந்த விளையாட்டிலும் அந்த அம்மாதான் முதலில் எழும்புவார், முதலில் பிழை விடுவார். உடனே மகள் திருத்துவாள். திருத்தித் திருத்தியே அவள் பேச்சுக்காரியாகிவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் தங்கள் அம்மாமாரைத் திருத்தத் தொடங்கினார்கள். நான் பாடிய பாட்டும் ஒட்டிய கடதாசியும் செய்யாததை அந்தப் பின்வாங்கு செய்தது.

ஒரு தடவை அவர் என்னிடம், "மிஸ், எந்நாளும் கடைதானா? இன்னைக்கு ஹோட்டல் வெளையாடுவமா? நான் ரூம் காட்டுறேன், அவுங்க வெள்ளக்காரவுங்களா வரட்டும்" என்று கேட்டார். புது விளையாட்டுக்கு நல்ல யோசனை என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அன்று அவர் கதவைத் திறப்பது போலக் கையை நீட்டி, நிமிர்ந்து நின்று, "வெல்கம் சேர், வெல்கம் மேடம்" என்று சொன்னது அப்படியே கண்ணில் நிற்கிறது. மகளிடம் மட்டுமல்ல, என்னிடமும் திரும்பி, "சரியா மிஸ்? இன்னொருக்கா சொல்லவா?" என்று கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

வருட முடிவில் பரிசளிப்பு விழா. மகளுக்கு இங்கிலீஷ் பேச்சில் பரிசு. அப்போதிருந்த அதிபர் மேடையில் உருகிவிட்டார். "பிள்ளை பேச வேண்டும் என்பதற்காகத் தெரிந்துகொண்டே பிழையாகப் பேசி, தன்னையே கோமாளியாக்கிக்கொண்ட தாய் இவர்" என்று அவரை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எவ்வளவு சாமர்த்தியமான பெண் என்று வீட்டிலும் சொல்லி மெச்சியிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றார். மகள் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே தோட்டத்தில் மரங்களுக்கு மழைக்காப்பு வந்தது. வெட்டுக்கு மேலே, மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் தாளைத் தார் போட்டு ஒட்டிவிடுவார்கள். தண்ணீர் வெட்டிலும் பால் வடிகிற சிரட்டையிலும் இறங்காது. மழை கொஞ்சம் விட்டதும் வெட்டத் தொடங்கலாம். அதனால் மழை பெய்தாலும் எல்லோரும் காலையிலேயே பிரட்டுக் களத்துக்குப் போய், பெயர் கொடுத்துவிட்டு, வானம் வெளுக்கும்வரை காத்திருக்க வேண்டும். "மரத்துக்கெல்லாம் பாவாட கட்டிவிட்டுட்டாங்க மிஸ்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல காரியம்தான். மழையால் கெட்டுப்போன வேலை நாட்கள் திரும்பக் கிடைத்தன. லயத்து அடுப்புகள் ஒழுங்காக எரிந்தன. அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க என் பின்வாங்கு வெறுமையாகக் கிடந்தது.

பிறகு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அவரைக் கண்டேன். சலவை செய்த சேலை, தலையில் பூ. எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் சொன்னார். ஆற்றில் படகு விட வெள்ளைக்காரர்கள் வருகிற ஊரில், ஒரு சிங்கள நோனா தங்குமிடம் நடத்துகிறாராம். இவருடைய சிங்களப் பேச்சும் சுறுசுறுப்பும் அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. வருகிறவர்களுடன் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசப் பழகிக்கொண்டு வா, அறை காட்டுகிற வேலை தருகிறேன் என்று போன வருடமே சொல்லியிருக்கிறார். அன்று போய்ப் பார்த்தபோது வேறு யாரையோ எடுத்துவிட்டார்களாம். "அவுங்க கேட்டதுக்கு எனக்கு வாய் வரல மிஸ். வந்திருந்தா இன்னொரு ஆளாவாவது வச்சிருப்பாங்க. குனிஞ்சே வெட்டி இடுப்பு போச்சு. நிமிந்து நின்னு ஒரு வேல செய்யணும்னு ஆச. இன்னும் கொஞ்சம் மழ பெஞ்சிருந்தா படிச்சிருப்பேன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப, நீங்க வகுப்பில பேசினதெல்லாம்?" என்று இழுத்தேன்.

"தெரிஞ்சதத்தான் மிஸ் பேசுனேன். நடிப்புன்னு பெரிய சேர் சொன்னாரு. எல்லாரும் கைதட்டுனாங்க. புள்ள ஓடி வந்து கட்டிக்கிட்டா. அந்த நேரத்துல இல்லன்னு எப்படிச் சொல்றது? தெரிஞ்சே தப்பா பேசுற அம்மான்னு அவ பெருமப்பட்டுக்கிட்டிருந்தா. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

சனிக்கிழமை வரலாமா, வீட்டுக்கு வந்து சொல்லித் தரட்டுமா என்று படபடத்தேன். சனிக்கிழமையும் வெட்டு, மாலையில் தண்ணீரும் விறகும், எனக்குக் கடைசி பஸ். கொஞ்ச நாள் முயன்றோம். அவர் உட்கார்ந்தவாறே தூங்கிவிழுவார். "விடுங்க மிஸ், மகளுக்கு வந்திருச்சில்ல" என்று அவரே முடித்துவைத்தார். இதற்காக என்னை நானே திட்டிக்கொண்டு உட்காரலாம். அதனால் அவர் இடுப்பு நிமிராது. என் வருத்தம் எல்லாம் இதுதான்: ஒரு வகுப்பு நிறைய மனிதர்கள் இருந்தோம், அதிலே மிகவும் ஆசைப்பட்டுப் படித்த ஒரு மாணவியை யாருமே மாணவி என்று நினைக்கவில்லை.

மகள் இப்போது கொழும்பில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். போன மாதம் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு பேசினாள். இங்கிலீஷ் தண்ணீராக ஓடியது. கடைசியில் தமிழில் சொன்னாள்: "பிழை விடப் பயப்படாதீங்க. எங்கம்மா எனக்காக வேணும்னே தப்பா பேசுனாங்க. அப்படி ஒரு அம்மா யாருக்கும் கிடைக்காது." பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் பின்வாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் லயத்துக்குப் போய் அவரிடம் கேட்டேன், இதை எழுதட்டுமா என்று. வெகுநேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அவ இப்ப பெரிய மனுஷி. தாங்கிக்குவா. எழுதுங்க மிஸ். பேரு மட்டும் போட்டுறாதீங்க" என்றார்.

இன்று காலையிலும் மழை. ஆறாம் வகுப்பில் ஹோட்டல் விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். யன்னலில் நிழல் தட்டியது. பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு, கையில் பால் வாளியோடு அவர் நின்றார்; பிரட்டுக் களத்திலிருந்து மலைக்கு ஏறுகிற பாதை எங்கள் யன்னலை ஒட்டித்தான் போகிறது. உள்ளே ஒரு சின்னப் பையன் கையை நீட்டி, "வெல்கம் மேடம்" என்றான். அவர் உதடும் சத்தமில்லாமல் அதைச் சொன்னது. "உள்ள வந்து இரிங்க" என்றேன். அவர் என்னைத் தாண்டி அந்த வாங்கைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்.

"மழ விட்டுருச்சு மிஸ்" என்றார். வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மேடேறிப் போனார்.