ரோஸ்லின் ஜீரோ சொல்லும்வரை

சென்ற மாதம் வேலப்பன்சாவடியில் பேருந்துக்காக நின்றிருந்தபோது பெஞ்சமினின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. புதிதாக எதையோ மாற்றிவிட்டுப் பெருமை பேசப் போகிறார் என்று நினைத்து, "சொல்லுய்யா, இன்னைக்கு எதைப் பொசுக்கினே?" என்றேன். மறுமுனையில் அவர் மனைவி ரோஸ்லின். "சார், அவரு தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார்.

ஞாயிறு மாலைகளில் நூம்பலில் பெஞ்சமினின் வீட்டில் பாட்டுக் கேட்ட நண்பர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சோதனைக் கருவிகள் வடிவமைத்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி வால்வுகள் சூடேறிப் பாடும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் என்றால் உயிர். மாலையில் அக்கம்பக்கத்து ஏசிகள் ஓடத் தொடங்கினால் அங்கே மின்னழுத்தம் இறங்கும். "பாட்டு அழுவுது" என்பார் ரோஸ்லின். அவருக்காகத்தான், வால்வுகளுக்கு வேண்டிய முந்நூற்றைம்பது வோல்ட்டை அசையாமல் நிறுத்தும் ஒரு ரெகுலேட்டரை பெஞ்சமின் வடிவமைக்கத் தொடங்கினார்.

இயற்பியல் நடத்திய பழக்கத்தில் எனக்கு எதற்கும் ஓர் உதாரணம் வேண்டும். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் என்பது மாடித் தொட்டி. குழாயின் மேல் கையையும் விழும் தண்ணீரின் மேல் கண்ணையும் வைத்திருக்கும் ஆள்தான் ரெகுலேட்டர். தொட்டியில் நீர் ஏறினாலும் இறங்கினாலும் அவர் குழாயைத் திருகித் திருகி ஒரே அளவில் விழச் செய்வார். இதைச் சொன்னபோது பெஞ்சமின், "அந்த ஆளு டீ குடிக்கப் போனா இன்னா ஆவும் வாத்தியாரே?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஒருநாள் அவரே மாட்டிக்கொண்டார். அணைத்த பிறகு தொட்டியில் தங்கியதை மெல்ல வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் உண்டு. பெட்டி சூடாகிறது என்று அதைக் கழற்றி வைத்திருந்தார். பெட்டியை அணைத்ததும் மீட்டர் ஜீரோ காட்டியது. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டார். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். முனை உருகிவிட்டது, நல்லவேளை கை தப்பியது. மீட்டர் இருந்தது ரெகுலேட்டருக்கு வெளிப்பக்கம். அங்கே எல்லாம் வடிந்திருந்தது; உள்ளே கெப்பாசிட்டர் நிறைந்தே நின்றது. உருகிய முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொயாய் காஞ்சி கீதுன்னு நம்பி தொட்டில கை வெச்சுட்டேன் வாத்தியாரே" என்றார்.

ரெசிஸ்டர் பழைய இடத்துக்கு வந்தது. தொட்டிப் பக்கமும் ஒரு மீட்டர் வந்தது. கூடவே ஒரு வழக்கமும் வந்தது. கை வைப்பவர் மீட்டரைப் படிக்கக் கூடாது. இன்னொருவர் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "கை வைக்கிறவனுக்கு அவசரம். அவன் கண்ணுக்கு எல்லாமே ஜீரோதான்" என்பார். பெரும்பாலும் ரோஸ்லின்தான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்வார்.

அடக்கம் முடிந்த வாரம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் டேனியல் என்னை வீட்டுக்கு அழைத்தான். ரெகுலேட்டர் பெட்டி மூடி திறந்தபடி, கடைசிக் கம்பி ஒன்று பற்றவைக்கப்படாமல் கிடந்தது. "அங்கிள், அம்மா தனியா இருக்காங்க. முன்னூத்தம்பது வோல்ட்ட வீட்ல வெச்சுட்டு நான் எப்படி ஊருக்குப் போறது? எடைக்குப் போட்டுடலாம்." அவன் பயத்தில் தவறில்லை. ரோஸ்லின் மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒருமுறை அதில் பாட்டுக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டார்.

கம்பியைப் பற்றவைத்தேன். மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். வெளிப்பக்க மீட்டரில் முள் முந்நூற்றைம்பதில் அசையாமல் நின்றது. அணைத்துவிட்டு, வால்வை ஒட்டி நின்ற அந்தக் கம்பியை ஒதுக்கக் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க சார்."

ரோஸ்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டிப் பக்க மீட்டர் முன்னால் நின்றிருந்தார். "நூறு... நாப்பது... எட்டு. இருங்க, இன்னும் கீது." நாங்கள் காத்திருந்தோம். "ஜீரோ. இப்ப வைங்க."

டேனியல் அம்மாவையே பார்த்தான். "இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அன்னிக்கு வெடிச்சதுக்கு அப்புறம் உங்கப்பா கை தப்பிச்சதே என் வாயாலதான்டா. பாட்டு கேக்க நான் எதுக்கு மூடியத் தொறக்கப் போறேன்? தொறக்க வர்றவங்களுக்கு நான் சொல்றேன்."

மூடியின் திருகாணிகளை டேனியலே ஒவ்வொன்றாக முடுக்கினான். டீ குடித்து முடிப்பதற்குள் வால்வுகள் சூடாகிவிட்டன. பாட்டு பாதியில் இருக்கும்போது பக்கத்து வீட்டு ஏசி ஓடத் தொடங்கியது, விளக்கு மங்கியது. மூவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

"அழுவல" என்றார் ரோஸ்லின்.

பெட்டி அங்கேயே இருக்கிறது. ஞாயிறுகளில் பழையபடி எல்லோரும் வர வேண்டும் என்று அவர் சொல்லச் சொன்னார். பெஞ்சமினிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வழக்கத்தைத்தான். நேற்று வீட்டில் மின்விசிறியைக் கழற்ற ஏணியில் ஏறினேன். மெயின் சுவிட்சை அணைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் மனைவியைக் கூப்பிட்டு, சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லும்வரை கையை நீட்டவில்லை.