சொல்லாமல் விட்ட ஏணி

என் நோய் முதலில் தெரிந்தது ஜிப்பில்தான். காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் இருபது பைகளுக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தேன். பதினேழு வருஷமாகப் பை தைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன் என்று பீற்றிக்கொள்வதும் உண்டு. அன்றைக்குக் கண்ணைத் திறந்து வைத்துத் தைத்தும் இந்த லட்சணம்.

கோவிட்டின் இரண்டாவது அலையில் எனக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்காமலே தேறிவிட்டேன். ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வந்த அன்று பக்கத்து வீடுகளுக்குக் கேசரி கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் உடம்பு தன் வேலையைக் காட்டியது. நாலு பை தைத்தால் மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே இருக்கும்போது அடுத்த சொல் காணாமல் போய்விடும். தூங்கி எழுந்தால் தூங்காத மாதிரி இருக்கும்.

தாராவியில் எங்களுக்குக் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. கீழே சமையல், தண்ணீர் டிரம், பீரோ, என் வீட்டுக்காரர் முருகேசனின் கட்டில். மேலே நானும் மகளும் படுப்போம். என் மோட்டார் மெஷினும் அங்கேதான். என் மெஷின் என்று சொல்கிறேனே தவிர அது காஜா பாயுடையது. அவர் பட்டறை முதலாளி, கடையநல்லூர்க்காரர். பெண்கள் வீட்டிலிருந்தே தைக்கட்டும் என்று மெஷினைக் கொடுத்து வைத்திருக்கிறார்.

தலைகீழ் ஜிப்பைப் பார்த்துவிட்டு அவர் சத்தம் போடவில்லை. "ஒடம்பப் பாருங்க அக்கா. ஆனா சீசன் வருது. ரெண்டு மாசம் பாப்பேன். அதுக்குப் பொறவு மெஷின வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நியாயம் அவர் பக்கம் இருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது. அந்த மெஷின் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

எங்கள் சந்தில் இருக்கிற டாக்டர் பலவீனம் என்றார், குளுக்கோஸ் ஏற்றினார். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். முட்டை, சூப், கஷாயம் எல்லாம் ஆயிற்று. கடைசியில் முருகேசன்தான், "ஏட்டி, சோம்பேறித்தனம் ஒனக்கு வராதுன்னு எனக்குத் தெரியும். இது வேற என்னமோ. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். அவர் டெம்போ ஓட்டுபவர். அன்றைய லோடை விட்டுவிட்டு என்னை அழைத்துப் போனார்.

கோவிட் போன பிறகும் நோய் போகாதவர்களுக்கென்று அங்கே வாரம் ஒரு நாள் புறநோயாளி பிரிவு நடந்தது. தாழ்வாரத்து பெஞ்சில் இருந்த எல்லோர் கையிலும் நல்ல ரிப்போர்ட்டுகள். என் எக்ஸ்ரேயும் சுத்தம், ரத்தமும் சுத்தம். டாக்டர் இந்தியில் சொன்னார்: ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக நோய் இல்லை என்று ஆகாது, உங்களுக்கு நோய் இருக்கிறது. நோய் இருக்கிறது என்று சொல்லக் கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் அங்கேயே அழுதேன்.

அவர் என்னைப் பிசியோதெரபிஸ்டிடம் (உடற்பயிற்சி வழியாக உடம்பைத் தேற்றுபவர்) அனுப்பினார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவராக இருக்கலாம். வாய் நிறைய ஆன்ட்டி என்றார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

என் குறையை அவர் சீக்கிரம் பிடித்துவிட்டார். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் இரண்டு நாள் வேலையைச் சேர்த்து முடிப்பேன். பைக்கு இவ்வளவு கூலி என்று தைக்கிற எல்லோரும் அப்படித்தான். அதற்கு இரண்டு நாள் கழித்து எழுந்திருக்க முடியாமல் கிடப்பேன். உழைப்புக்குப் பிந்திய சரிவு (வேலை செய்தபோது தெரியாமல், ஒன்றிரண்டு நாள் கழித்து வந்து ஆளைக் கிடத்தும் சோர்வு) என்று விளக்கினார். இருபது நிமிஷம் தைத்தால் இருபது நிமிஷம் படுக்க வேண்டும். களைத்த பிறகு ஓய்வெடுக்கக் கூடாது, களைப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

பிறகு ஒரு படிவத்தை நிரப்பினார். "ஆத்துல மாடிப்படி ஏறி எறங்கணுமா ஆன்ட்டி?"

"இல்ல மேடம். எங்க வீட்ல அதெல்லாம் கெடையாது" என்றேன்.

ஆறு வாரம், கடிகாரத்தைப் பார்த்துத் தைத்தேன், கடிகாரத்தைப் பார்த்துப் படுத்தேன். அப்படியும் வாரத்துக்கு இரண்டு நாள் சரிவு வந்தது. காஜா பாயின் கெடு நெருங்கியது. இவ்வளவு ஒழுங்காக இருந்தும் தேறாத உடம்பு இனி எதற்கு என்று தோன்றிவிட்டது. முருகேசனிடம் சொல்லவும் செய்தேன்.

அடுத்த முறை, பல்ஸ் ஆக்சிமீட்டரில் (விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜனையும் நாடித்துடிப்பையும் காட்டும் சிறு கருவி) பார்த்து எழுதிவரச் சொல்லியிருந்த நோட்டைப் பிசியோதெரபிஸ்ட் புரட்டினார்.

"தைக்க ஆரம்பிக்கறச்சயே துடிப்பு நூத்தி முப்பது. இன்னும் தைக்கவே இல்லியே?"

"இப்பத்தான ஏறி வந்தேன் மேடம், அதான்."

"எங்க ஏறினேள்?"

"மேல. ஏணியில."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் விளக்கினேன். வாசலுக்கு வெளியே சந்தில், சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணி. பதினொரு கம்பி. பிடித்துக்கொள்ள மேலிருந்து ஒரு கயிறு. எங்கள் சந்தில் முக்கால்வாசி வீடுகளில் இப்படித்தான். கர்ப்பிணி ஏறுவாள், குடத்தோடு ஏறுவாள். கதவைத் திறப்பதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லையே, அது மாதிரிதான் எனக்கு அது.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டார். தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, பைக்கு அடிக்கிற ரிவெட்டுகளை மேலே ஒரு டப்பாவில் வைத்து, ஏறும்போதெல்லாம் ஒன்றை எடுத்து வேறு டப்பாவில் போட்டேன். தண்ணீர் பிடிக்க, சமைக்க, சந்துக் கோடியில் இருக்கிற கக்கூஸுக்குப் போக, படுத்து ஓய்வெடுக்க. ஆமாம், ஓய்வெடுக்கவும் ஏறினேன். சாயங்காலம் எண்ணினால் பத்தொன்பது ரிவெட். அந்தக் கணக்கைப் பிசியோதெரபிஸ்டிடம் போய்ச் சொன்னேன்.

"எங்க பில்டிங் ஏழு மாடி ஆன்ட்டி. நீங்க தெனமும் அத ரெண்டு தடவைக்கு மேலயே ஏறிண்டிருக்கேள். நான் லிஃப்ட்ல போறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. "எம்மேலயும் தப்பு. படின்னு கேட்டேன், வீடு எப்படி இருக்குன்னு கேக்கலை."

மெஷின் கீழே வர வேண்டும் என்று முடிவாயிற்று. இடம்? முருகேசன் அறையைச் சுற்றிப் பார்த்தார். "பீரோ மேல போவாது. டிரம்மும் போவாது. அப்ப நான்தான் போவணும்" என்று தன் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார்.

மெஷினுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது காஜா பாய் வந்து நின்றார். அன்றுதான் கெடு முடிகிற நாள். அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு நுனியைப் பிடித்தார். இறக்கி வைத்த பிறகு, "எடுத்துட்டுப் போவத்தான் வந்தேன். என்னையவே எறக்கி வைக்க வச்சுட்டீங்களே அக்கா" என்றார்.

முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று எழுத முடியாது. முன்பு தைத்ததில் பாதிதான் தைக்கிறேன், நடுநடுவே மெஷின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறேன். ஆனால் ஜிப் நேராக நிற்கிறது. சரிவு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வருகிறது. இதைப் படிக்கிற உங்களுக்கும் இதே நோய் என்றால், டாக்டரிடம் போகுமுன் ஒரு நாள் உங்கள் உடம்பின் பின்னாலேயே நடந்து பாருங்கள். வேலையே இல்லை என்று நீங்கள் விட்டுவிடுகிற வேலை எது என்று தெரியும்.

இப்போது ஏணியில் ஒரே ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு படுக்கப் போகத்தான் ஏறுகிறேன். நாலு கம்பி, நிற்பேன். இன்னும் நாலு, நிற்பேன். பிறகு மூன்று. முன்பு அந்த ஏணிக்கு நேரமே கிடையாது. இப்போது ஐந்து நிமிஷம் ஆகிறது. அந்த ஐந்து நிமிஷத்தில் எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் கொஞ்சம் வானம் தெரிவதைப் பார்த்தேன். நான் இந்த வீட்டுக்கு வந்த இருபத்திரண்டு வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

நேற்று எட்டாவது கம்பியில் நின்றபோது எதிர்வீட்டு மாரி அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"என்ன யக்கா, ஏறுதியளா, எறங்குதியளா?"

"ரெண்டும் இல்லட்டி," என்றேன். "நிக்கேன்."