மூன்றாவது பாட்டு

எங்கள் ஏரிக்கரை நடனக் கூடத்தில் ஒருவரோடு இரண்டு பாட்டுக்குத்தான் ஆட வேண்டும். இரண்டாவது முடிந்ததும் மேடையில் வாசிக்கிற பாண்டு நிறுத்தும். ஆண் அந்தப் பெண்ணை அவள் நின்ற இடத்திலேயே கொண்டுபோய் விட்டு, நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும். பிடிக்காதவனிடம் மாட்டிய பெண்ணுக்கு இந்தக் கணக்குதான் காவல். இருபத்தெட்டு வருடமாக அங்கே காப்பிக் கடை வைத்திருக்கிறேன். பின்லாந்தில் திருடினால்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மீறினால் மாட்டார்கள்.

ஆர்மாஸ் மீறினான். வேண்டுமென்றே அல்ல.

வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவான். சனிக்கிழமைகளில் 'ஏரி நிலா' பாண்டில் டிரம்ஸ். ஐந்து நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய பாண்டு அது. பெரிய டிரம்மின் முகத்தில் நீல பெயின்டால் பெயர் எழுதியவன் அவன்தான். எழுத்து கொஞ்சம் கோணல். அதைச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். முப்பத்தாறு வருடத்தில் ஒருவர் இறந்தார், ஒருவர் ஸ்வீடனுக்கு வேலைக்குப் போனார், இன்னொருவருக்கு முதுகு போயிற்று. ஒவ்வொரு முறையும் புது ஆள் வந்தான். ஒரு சனிக்கிழமைகூட பாண்டு நின்றதில்லை.

அந்த ஐவரில் நான்காவதாக, பாடகன் கலேவிக்குக் குரல் போயிற்று. எட்டு வருடத்துக்கு முன், என் கடை முன்னால் வைத்துத்தான் ஆர்மாஸ் அவனை விலகச் சொன்னான்.

"பாண்டுன்னா பேருடா. ஆளு வருவான், போவான். மனசுல வச்சுக்காதே."

கலேவி காப்பியைத் தொடாமல் போய்விட்டான். ஆனால் அதற்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்வான். மேடையில் இருக்கிற ஆர்மாஸ் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான். எனக்கு அவன்மேல் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கோடையில் ஆர்மாஸுக்கு இடது காது கேட்காமல் போனது. அதோடு எத்தனையாவது பாட்டு என்ற எண்ணிக்கையும் போனது. நடுக்கோடை விழாவில், இரண்டாவது பாட்டு முடிந்து ஜோடிகள் கையை விடுகிற நேரத்தில், நிறுத்தாமல் மூன்றாவதுக்கு அடித்துவிட்டான். மற்ற நால்வரும் வேறு வழியில்லாமல் கூடவே வாசித்தார்கள். நூறு ஜோடி, பாதி விட்ட கையோடு விழித்தது. மருந்துக்கடை சைமி, வெங்காய வாடை அடிக்கிற ஒரு லாரிக்காரனிடம் இன்னும் மூன்று நிமிடம் மாட்டிக்கொண்டாள்.

"அந்தாளு கைய ஒடிச்சு அடுப்புல வைக்கணும்" என்று நேராக என்னிடம் வந்து கத்தினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இரண்டாவது தடவை அப்படி நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு, அக்கார்டியன் வாசிக்கிற சாந்தேரி அவனைக் கடைக்குப் பின்னால் கூட்டிவந்தான். சாந்தேரிக்கு முப்பது வயது, நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

"அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் புதுப் பொண்ணு வில்மா டிரம்ஸ் அடிக்கட்டும், ஆர்மாஸ்."

"நான் இல்லாம ஏரி நிலா ஏதுய்யா? ஆரம்பிச்ச அஞ்சு பேர்ல நான் ஒருத்தன்தான் மிச்சம்."

"நீங்கதான சொன்னீங்க, பாண்டுன்னா பேருன்னு. நான் சேர்ந்த அன்னிக்கே சொன்னீங்க."

அவன் குத்திக்காட்டவில்லை. கற்றுக்கொண்டதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான்.

"அப்ப பேரு எங்கிட்டதான் இருக்கு" என்றான் ஆர்மாஸ். பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின்சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட்டும் மாட்டினான். என் பக்கம் திரும்பினான். "பாத்துக்கிட்டே இரு ஐலா. சனிக்கிழம பேரில்லாம எப்படி மேடை ஏறுறானுங்கன்னு."

சனிக்கிழமை ஏறினார்கள். வில்மாவின் டிரம்மில் 'ஏரி நிலா' அச்சடித்து ஒட்டியிருந்தது. அதே நீலம், கோணல் இல்லாமல். ஆட வந்தவர்களில் ஒருவராவது ஆர்மாஸ் எங்கே என்று கேட்பார் என்று காப்பி ஊற்றிக்கொண்டே இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். சைமி மட்டும் வாய் திறந்தாள்.

"பன்னுல இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடேன்."

எட்டு மணிக்கு ஆர்மாஸே வந்தான், வாழ்க்கையில் முதல்முறையாக டிக்கெட் வாங்கிக்கொண்டு. அவனுக்கு ஆடத் தெரியாது. மேடையிலேயே இருந்தவன் எப்போது கற்றுக்கொள்வது? எங்கே நிற்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றான். கலேவி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் போய் ஆர்மாஸ் உட்கார்ந்தான். நான் இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

"நெஜமாச் சொல்லு" என்றான் ஆர்மாஸ். "இது ஏரி நிலாவா?"

"என்னைக் கேட்டா? எட்டு வருஷமாவே இல்ல."

"நான் இருந்தேனேடா."

"நீ இருந்தே. நான் இல்லையே." கலேவி ஆடுகிறவர்களைக் காட்டினான். "அப்பவும் எல்லாரும் இப்படித்தான் ஆடிக்கிட்டு இருந்தாங்க. மேடையிலேர்ந்து உனக்குத் தெரிஞ்சிருக்காது."

ஆர்மாஸ் ஆடுகிறவர்களைப் பார்த்தான். பிறகு, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"சரியாத்தான்டா சொன்னே. காப்பியக் குடி."

வில்மா சொதப்பியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நன்றாக அடித்தாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் சுத்தமாக நிறுத்தினாள். ஜோடிகள் நன்றி சொல்லிப் பிரிந்தார்கள், தளம் காலியானது. பெஞ்சுக்கடியில் ஆர்மாஸின் கால் மட்டும் மூன்றாவது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. கலேவி பார்த்தான், நானும் பார்த்தேன். நிறுத்தச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.