பத்தொன்பதாவது படம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பலாப்பழப் படத்தை எடுத்தது நானா, செல்வியா? ஆறு வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை நாள் பதில் தேவைப்படவும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை தேவைப்பட்டுவிட்டது.

என் மகள் யாழினி யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோர் தங்கள் கையால் செய்த ஏதாவது ஒன்றைக் காட்சிக்கு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்ற அம்மாக்கள் துணிப்பூவும் பாசிமணிப் பையும் தருகிறார்களாம். யாழினி என்னைக் கேட்காமலேயே, "எங்கம்மா பலாப்பழம் பறக்குற ஃபோட்டோ எடுத்திருக்காங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மிஸ் ஒரு வெள்ளை அட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார். படத்தின் பெயர், எடுத்தவர் பெயர். முதல் வரியை உடனே எழுதிவிட்டேன். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. அட்டை ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. ஒவ்வொரு தடவை பால் எடுக்கும்போதும் அது என்னைப் பார்க்கிறது.

அன்று சாயங்காலம் டீக்கு ஏலக்காய் எடுத்தேன். எங்கள் வீட்டில் ஏலக்காய் இருப்பது ஃபிலிம் ரோல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில். கட்டைவிரல் உயரம், சாம்பல் நிற மூடி, உள்ளே ஈரம் போகாது. கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தபோது இப்படிப் பதினோரு டப்பாக்களைக் கொண்டுவந்தேன். என் மாமியார் முதலில் ஏதோ மருந்து டப்பா என்று பயந்துவிட்டார். பிறகு கிராம்புக்கு ஒன்று, பெருங்காயத்துக்கு ஒன்று என்று அவரே பிரித்து வைத்துக்கொண்டார். எத்தனை தடவை கழுவினாலும் அடியில் ஒரு பழைய வாசனை இருக்கிறது, லேசாகப் புளித்த மாதிரி. என் கணவருக்கு ஏலக்காய் வாசனை மட்டும்தான் வருகிறதாம். எனக்கு 2006 வருகிறது.

அப்போது நானும் செல்வியும் அண்ணாமலை நகரில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய அக்கா வீட்டுக்காரர் பாஸ்கரன் அங்கேயே ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். செல்விக்கு மாமா என்பதால் எனக்கும் மாமா. அவருடைய கூட்டாளி சேவியர் சார், சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் நான்கு பேரும் படம் எடுக்கக் கிளம்பிவிடுவோம். நான்கு பேருக்கும் சேர்த்துக் கேமரா ஒன்றுதான்.

மாமாவின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய எஸ்.எல்.ஆர். கேமரா அது. நல்ல கனம். கழுத்தில் மாட்டினால் தலை தானாகக் குனிந்துவிடும். என் அம்மா பதினெட்டு வருஷம் சொல்லியும் வராத அடக்கம் எனக்கு அந்தக் கேமராவால்தான் வந்தது. முதன்முதலில் அதைக் கையில் வாங்கி, கண்ணை வைத்து, பொத்தானை அமுக்கியதும் நான் கத்திவிட்டேன்.

"மாமா, ரிப்பேர் பண்ணிட்டேன்! அமுக்குனா இருட்டாயிடுது!"

சேவியர் சார் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருக்கிறது, படம் பதியும் நொடியில் அது மேலே எழும்பிவிடும், அந்த நொடி மட்டும் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று செல்விதான் சொன்னாள். "படத்துல விழுந்ததை எடுத்தவ பாத்திருக்க மாட்டா. எடுத்தவ பாத்தது படத்துல இருக்காது. போதுமா?" என்றாள். அவளும் அதை முந்தின வாரம்தான் தெரிந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

அந்தக் கேமராவுக்கு ஒரு குறை இருந்தது. எத்தனை படம் எடுத்தோம் என்று காட்டும் சின்னக் கண்ணாடிக்குள் எப்போதும் 4 என்றே நிற்கும். அதனால் எங்களுக்கு ஒரு நோட்டு. ஒரு ரோலில் முப்பத்தாறு படம், நான்கு பேர், ஆளுக்கு ஒன்பது. ஒவ்வொரு தடவை அமுக்கியதும் நோட்டில் ஒரு கோடு. ஒன்பது கோடு ஆனதும் கழுத்திலிருந்து கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். கெஞ்சக் கூடாது, கடன் கேட்கக் கூடாது. நோட்டு என் பொறுப்பு. ஃபிலிம் மாட்டுவதும் என் பொறுப்பு.

இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை: கண்ணை மூடிக்கொண்டு ஃபிலிம் மாட்டுவேன். ஃபிலிமின் நுனி உள்ளே சரியாகப் பிடிக்கவில்லை என்றால் முப்பத்தாறு தடவை அமுக்கினாலும் ஒரு படம்கூட விழாது. கேமரா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. எனக்குத் தெரிந்த எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு கல்யாணமே காணாமல் போயிருக்கிறது. எங்களுக்கு ஒருநாளும் ஆனதில்லை. ஃபிலிமை நகர்த்தும்போது இடது பக்கக் குமிழ் சேர்ந்து சுற்ற வேண்டும். அது சுற்றுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். பார்த்த பிறகு இன்னொரு தடவை பார்ப்பேன். "இவளக் கட்டிக்கப்போறவன் பாவம் மச்சான். தூங்கும்போது மூச்சு வருதான்னு மூக்குல விரல வச்சுப் பாத்துக்கினே இருப்பா" என்பார் மாமா. கணவர் தப்பித்துக்கொண்டார். யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் மூக்கில் நான் விரல் வைத்துப் பார்த்த தடவைகளுக்குக் கணக்கு இல்லை.

அந்த மே மாதம் வடலூரில் பஸ் மாறிக் கடாம்புலியூருக்குப் போனோம். பலாப்பழ சீசன். சாலையோர மண்டியில் பழங்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. கீழே நின்ற ஓர் அக்கா பழத்தைத் தூக்கி வீச, லாரி மேல் நின்ற அவள் வீட்டுக்காரர் பிடித்து அடுக்கினார். பத்துக் கிலோ, பன்னிரண்டு கிலோ பழங்கள், பந்து மாதிரிப் போய்க்கொண்டிருந்தன.

முதல் முறை மாமாவுக்கு. அவர் முடித்ததும் எனக்கு. நான் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேனே தவிர அமுக்க மனம் வரவில்லை. ஒன்பதுதான் இருக்கிறது, வீணாகிவிட்டால்?

"என்னா பாப்பா, எம்மாம் நேரமா அதுலயே பாத்துக்கினு இருக்க? பழம் பழுத்துடப் போவுது" என்றாள் அந்த அக்கா.

அந்த வேகத்தில் மடமடவென்று அமுக்கினேன். நோட்டு அக்குளில், பேனா மூடி வாயில். செல்வி பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"ஒம்போது ஆயிடுச்சிடி. குடு."

"இரு, எட்டுதான்."

"ஒம்போதுடி!"

"நோட்டுல எட்டுதான் இருக்குது, பாரு."

"நோட்டுல நீ கோடு போட்டாத்தான இருக்கும்!"

கழுத்துப்பட்டை என் கம்மலில் சிக்கிக்கொண்டது. பட்டை என் காதில், கேமரா எங்கள் இருவர் கையிலும். அந்த அக்கா பெரிய பழம் ஒன்றை வீசினாள். தக் என்று சத்தம் கேட்டது. எங்கள் இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்புறம் கம்மலை விடுவித்து, கேமராவை அவளிடம் கொடுத்து, நோட்டில் ஒன்பதாவது கோட்டைப் போட்டேன். அந்தச் சத்தத்துக்குத்தான் அந்தக் கோடா, அதற்கு முந்தியதற்கா என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மேல வீதி ஸ்டுடியோவில் படங்கள் வந்தன. பத்தொன்பதாவது படத்தைப் பார்த்ததும் நான்கு பேரும் அதன் மேல் குனிந்துவிட்டோம். கீழே அந்த அக்காவின் விரிந்த கைகள், மேலே குனிந்த அவள் வீட்டுக்காரரின் கைகள், நடுவில் யார் கையிலும் இல்லாமல் பலாப்பழம். பின்னால் வெறும் வானம். எங்கள் நால்வரில் ஒருவர் எடுத்த படம் என்று நம்பவே முடியவில்லை.

"யாரும்மா எடுத்தது?" என்றார் மாமா.

"நான்தான்" என்றோம் இருவரும்.

நோட்டை விரித்தோம். ஆளுக்கு ஒன்பதாக முப்பத்தாறு கோடு. எண்ணிப் பார்த்தால் படம் முப்பத்தேழு. ரோலின் கடைசியில் சிலசமயம் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் யாரோ ஒருவர் கோடு போடாமல் ஒரு படம் எடுத்திருக்கிறார். யார்?

மாமா ஒன்று கூடுதலாக எடுத்திருந்தால், என் முறை பத்தொன்பதில்தான் முடிந்திருக்கும், படம் என்னுடையது. செல்வியோ சேவியர் சாரோ எடுத்திருந்தால், பத்தொன்பது செல்வியின் முதல் படம். மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது, அதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை: நோட்டு வைத்திருந்த நானே பத்து எடுத்திருக்கலாம்.

"நான் ஒம்போதுதாம்மா. சத்தியமா" என்றார் மாமா.

"நீ ஒம்போதுல நிறுத்துற ஆளா மச்சான்? இட்லியிலயே நிறுத்த மாட்ட!" என்றார் சேவியர் சார்.

சிரித்தோம். ஆனால் செல்வி நான்கு நாள் என்னோடு சாப்பிட வரவில்லை.

அடுத்த வருஷம் என் கல்யாணத்துக்கு மூவரும் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். "நீயே வச்சுக்க" என்று செல்வி என் கையில் கொடுத்தாள். அதைப் பரிசு என்று எடுத்துக்கொண்டேன். தீர்ப்பு என்று அல்ல. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர், "எம் பொண்டாட்டி எடுத்தது" என்பார். முதல் தடவை புதுப்பெண் கூச்சத்தில் பேசாமல் இருந்தேன். இரண்டாவது தடவை, முதல் தடவை பேசாததால் பேசாமல் இருந்தேன். பிறகு யாழினி பேசக் கற்றுக்கொண்டு அவளும் சொல்ல ஆரம்பித்தாள். உண்மையைச் சொன்னால், அவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே குளிர்ந்தது.

யாழினி பிறந்த 2008-இல் சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினோம். இப்போது கணவரின் செல்ஃபோனே அதைவிட நன்றாக எடுக்கிறது. கம்ப்யூட்டரில் "யாழினி பழசு", "யாழினி புதுசு", "யாழினி புதுசு 2" என்று ஆயிரக்கணக்கில் படங்கள். அழிந்துவிடுமோ என்று ஒவ்வொன்றையும் மூன்று சி.டி.யில் ஏற்றி மூன்று பீரோவில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, மணி, நிமிஷம், எந்தக் கேமரா என்பது வரை எழுதியிருக்கிறது. யார் எடுத்தது என்று சண்டையே வராது. அவரவர் கையில் அவரவர் கேமரா.

செவ்வாய்க்கிழமை ஓசூருக்கு, செல்விக்கு ஃபோன் போட்டேன்.

"எந்தப் பலாப்பழம்டி?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "ஆங், அதுவா! எனக்கு அன்னிக்குப் புதுச் செருப்பு அறுந்துபோனதுதான் ஞாபகம் இருக்குது. உம் பேரயே போட்டுக்க. நான் என்னா கேஸா போடப் போறேன்?"

வைக்கப் போகும்போது, "ஆனா அப்ப நான்தான்னு நெனச்சேன்டி. ஹாஸ்டல்ல அழுதுகூட இருக்கேன்" என்றாள், சிரித்துக்கொண்டே.

அதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. கண்ணை மூடினால் அந்தப் பழம் தெரிகிறது. அந்த அக்காவின் கையை விட்டுக் கிளம்புகிறது, மேலே ஏறுகிறது, ஒரு கணம் நிற்கிறது, அவள் வீட்டுக்காரர் கையில் போய் விழுகிறது. முழுவதும் பார்த்திருக்கிறேன். நடுவில் இருட்டே இல்லை. எடுத்தவள் நானாக இருந்தால் அந்த நொடி எனக்கு இருட்டாகத்தானே இருந்திருக்க வேண்டும்? அல்லது ஐந்து வருஷமாகச் சுவரில் பார்த்துப் பார்த்து, அந்த இருட்டை நானே நிரப்பிக்கொண்டேனா?

மேல வீதி ஸ்டுடியோ இப்போது ரீசார்ஜ் கடை. போன டிசம்பர் கடைசியில் அடித்த புயலில் கடாம்புலியூர்ப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துவிட்டன. ஒன்பது முடிந்ததும் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுக்கும் பழக்கமும் எங்களோடு முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அந்த ரோலை மாட்டியது நான். குமிழ் சுற்றுகிறதா என்று இரண்டு தடவை பார்த்ததும் நான். அது சுற்றியதால்தான் அந்தப் பழம் இன்னும் வானத்தில் நிற்கிறது. இந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அட்டையில் கேட்டிருப்பது மாட்டியவர் பெயர் இல்லை. செல்வி பெயரையும் சேர்த்து எழுதலாம் என்றால், யாழினியிடம் என்ன சொல்வது? நான்கரை வயதுக் குழந்தைக்கு, "அம்மாவாக இருக்கலாம்" என்பதை எப்படி விளக்குவது? அப்படிப்பட்ட கேமராவை நீங்களும் கழுத்தில் மாட்டியிருப்பீர்கள். உங்களுடைய மிக நல்ல படத்தை நினைத்துப் பாருங்கள். அதில் உங்களுக்கு நினைவிருப்பது வெளிச்சமா, இருட்டா? சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு இரண்டாவது வரியை எழுதுகிறேன்.