அம்மன் காலடியில் ஒரு பாஸ்போர்ட்

போன வெள்ளிக்கிழமை. மயிலாப்பூரில் ஒரு அம்மன் கோயில் வாசல். பளபளவென்று லேஸ் கட்டிய ஷூவோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. லேஸை அவிழ்த்து, மறுபடி கட்டி... யாரால் முடியும் என்ற அலுப்பு.

அந்த அலுப்பில்தான் எல்லாம் நடந்தது.

அவர் தி.நகர் ஏஜென்சிக்காரர். வளைகுடா ஆஸ்பத்திரிகளுக்கு நர்சுகளை அனுப்புகிற ஏஜென்சி. எங்கள் எதிர்வீட்டுக் கன்னியம்மா மீன் விற்கிறவள். அவள் மகள் நிர்மலா அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சு. அவளுக்கு விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட் மட்டும் ஏஜென்சி பீரோவில். ‘ஏர்போர்ட்டில் தருகிறோம்’ என்றார்களாம்.

எங்கள் தெருவில் பாஸ்போர்ட்டை அம்மன் காலடியில் வைத்து எடுக்காமல் யாரும் விமானம் ஏற மாட்டார்கள். கன்னியம்மா ஏஜென்சி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாமி காரியத்துக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது? கடைசியில் இவரே பாஸ்போர்ட்டோடு வந்தார் — பூஜை முடிந்ததும் திரும்ப வாங்கிப் போக.

கன்னியம்மாவுக்கும் நிர்மலாவுக்கும் துணையாக நானும் போயிருந்தேன். தேங்காய்ப் பையோடு ஓரமாக நின்றேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

பூசாரி தட்டில் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக, அவர் வாசலிலிருந்து கொடுத்தனுப்பிய பாஸ்போர்ட்டை நீட்டினார். கன்னியம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இடுப்பில் செருகினாள்.

வாசலில் அவர் கையை நீட்டினார்.

“குடுங்கம்மா, டைம் ஆச்சு.”

“இன்னாத்த குடுக்கறது?”

“பாஸ்போர்ட்டம்மா.”

“அம்மன் என் கையில குடுத்துக்கீறா நைனா. உன் கையிலியா குடுத்தா? நீதான் ஷூவ கயட்டாம வெளியவே நின்னுகினு இருந்தியே!”

பக்கத்துப் பூக்காரி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“இதோ பாரு நைனா. இவகூட வேல பாத்த பொண்ணு ஒண்ணு அங்க போச்சு. போன ஒடனே பாஸ்போர்ட்ட வாங்கிப் பூட்டிட்டானுங்கோ. அப்பன் செத்த சேதி போயும் வுடல. பொணத்தாண்ட நான் குந்திகினு இருந்தேன்... அவ அம்மா வாசலையே பாத்துகினு கீறா. பொண்ணு வரவேயில்ல. நாளிக்கு நான் செத்தா இவ வருவாளா? நீ சொல்லு.”

அவர் குனிந்து ஷூவைப் பார்த்தார்.

நிர்மலாவுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. “சார், அங்க போனப்புறமும் பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கணும். அதை காண்ட்ராக்ட்ல எழுதிக் குடுங்க. அந்த காண்ட்ராக்டையே நீங்க இன்னும் கண்ணுல காட்டலியே?”

“இப்படியெல்லாம் கேட்டா ஆள மாத்திடுவாங்கம்மா. நானும் ஏஜென்சில சம்பளத்துக்குத்தான் இருக்கேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பாஸ்போர்ட் இல்லாமலே கிளம்பிப் போனார்.

மாற்றித்தான் விட்டார்கள். திங்கட்கிழமை போன் வந்தது — வேறு பெண் போகிறாளாம்.

நிர்மலா அழுதாள். எத்தனை நாள் கனவு! அப்புறம் முகத்தைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு டியூட்டிக்குப் போனாள். இனிமேல் அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜென்சிதானா என்று பார்த்து, காண்ட்ராக்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து என்கிறாள். கன்னியம்மா அன்றைக்கு மீன் கூடையே எடுக்கவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. எங்கோ ஒரு தேசத்தில், முன்பின் தெரியாதவர்கள் நம் பெண்ணிடம் உயிரையே நம்பி ஒப்படைக்கிறார்கள். அவளுடைய சின்னப் புத்தகம் ஒன்றை அவளிடமே நம்பி விட மாட்டார்களா?

அந்த ‘வேறு பெண்’ நினைவாகவே இருக்கிறது. யார் பெற்ற பிள்ளையோ... அவள் பாஸ்போர்ட் யார் பீரோவில் இருக்கிறதோ.

எல்லாருடையதையும் அம்மனே வாங்கிக் கொடுக்க முடியுமா? சர்க்காரும் வாசலிலேயே நிற்காமல், கொஞ்சம் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வரட்டும்.